கட்டார் மெடிக்கல் வகுப்பு

மேசையில் நாற்பது றோல்ஸ் இருந்தன. மண்டபத்தில் நாற்பது கதிரைகள் இருந்தன. கதிரைகளில் ஒரே ஓர் ஆள் இருந்தார். அவரும் வகுப்புக்கு வந்தவரல்ல. மண்டபத்தின் பூட்டையும் திறப்பையும் வைத்திருக்கும் சீனிமுகம்மது காக்கா.

"சேர், இன்னும் ஒரு பத்து நிமிசம் பாப்பமே," என்றான் நிப்றாஸ்.

டொக்டர் கோகுலன் மட்டக்களப்பிலிருந்து காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் கார் ஓட்டி வந்தவர். "இந்தப் பத்து நிமிசத்த நீங்க நாலு தரம் சொல்லிட்டீங்க தம்பி," என்றார்.

"எங்கட ஆக்கள் கொஞ்சம் பிந்தித்தான் வருவாங்க சேர்."

"பிந்தி வாற ஆக்களும் இதுக்குள்ள வந்திருக்க வேணும்."

சீனிமுகம்மது காக்கா எழுந்து வந்து ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். "ஆறினா நல்லா இரிக்காது," என்று காரணமும் சொன்னார்.

நிப்றாஸ் சுகாதாரக் காரியாலயத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். படித்தது வரலாறு. போன மாதம் வரை பார்த்தது டெங்கு நுளம்பு. வீடு வீடாகப் போய்ப் பழைய டயர்களுக்குள் தலையை விட்டுக் குடம்பி தேடிக்கொண்டிருந்தவனை, ஒருநாள் காலையில் காரியாலயத்தின் பொறுப்பதிகாரி டொக்டர் சுஜித்தா கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்துவிட்டார்.

"இளைஞர்களுக்கு கருவளம் பற்றி ஒரு வகுப்பு நடத்த வேணும், நிப்றாஸ். நாப்பது பேர் போதும். மூண்டு தரம் முயற்சி செய்வம். மூண்டுக்கும் ஆள் வராட்டி, சனிக்கிழமையில ஆம்புளைகளுக்கெண்டு திறக்க இருக்கிற கிளினிக் வேற ஊருக்குப் போயிடும். பொம்புளைகளுக்கு நாலு நாள் கிளினிக் வைக்கிறம். இவங்களுக்கு அரை நாள் கூட இல்ல."

"நாப்பது பேரத்தானே டொக்டர்? ஒரு கிரிக்கெட் மெச்சுக்கு நானூறு பேர் வருவாங்க," என்று அவன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

நோட்டீசை அவனே எழுதினான். 'ஆண்களின் கருவளமும் இனப்பெருக்க நலனும்' என்று தலைப்பைக் கொட்டை எழுத்தில் போட்டு, சலூன், தேத்தண்ணிக் கடை, பஸ் தரிப்பிடம் என்று ஓரிடம் விடாமல் ஒட்டினான். ஆண்கள் அதைப் பத்தடி தள்ளி நின்று வாசித்தார்கள். யாராவது வந்தால் பக்கத்திலிருந்த ஜனாஸா மரண அறிவித்தலை வாசிப்பவர்கள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இதுக்கு ஆரு மகன் வருவான்?" என்றார் சீனிமுகம்மது காக்கா, இரண்டாவது றோல்ஸை எடுத்துக்கொண்டு. "வந்தவனுக்கு என்னமோ கொறை இரிக்கி எண்டு அஸர் தொழுகைக்குள்ள ஊரே முடிவு கட்டிரும். தலப்ப மாத்துங்க."

நிப்றாஸ் தலைப்பை மாற்றினான். மாற்றினான் என்பதைவிட எடுத்துவிட்டான் என்று சொல்லலாம். அடுத்த கிழமைக்கான நோட்டீசில் 'இளைஞர்களுக்கான முக்கிய வகுப்பு, வைத்தியர் உரையாற்றுவார்' என்று மட்டும் இருந்தது. மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இரத்ததானம் என்று நினைத்து வந்தவர்கள். மூன்றாமவன் மின்விசிறிக்காக வந்தவன். டொக்டர் கோகுலன் 'கருவளம்' என்ற சொல்லைச் சொல்லி முடிக்குமுன் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒருவனுடைய போனும் அடித்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

மிஞ்சிய றோல்ஸ் எல்லாம் நிப்றாஸின் வீட்டுக்கு வந்தன. அவனுடைய வீடு என்றால் மனைவி ஸப்னாவின் வீடு. இந்தக் கரையில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில்தான் குடியிருப்பான். ஒரே வளவுக்குள் முன்வீடு மாமி சபூறாவுக்கு, இடதுபக்க வீடு மூத்த மகள் றிபாவுக்கு, வலதுபக்க வீடு இளைய மகள் ஸப்னாவுக்கு. மருமகன்மார் இரண்டு பேரும் படலையைத் திறந்தால் மாமிக்குச் சத்தம் கேட்கும். எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள், ஏன் பிந்தி வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த வளவின் பொதுச் சொத்து.

"போன கிழமையும் றோல்ஸ், இந்தக் கிழமையும் றோல்ஸ்," என்றாள் மாமி சபூறா. "அப்பிடி என்ன வகுப்பு மகன் நீங்க நடத்துறெ?"

"சுகாதாரம், மாமி."

"சுகாதாரத்துக்கு ஆக்கள் வாறல்லயா?"

"வருவாங்க மாமி," என்று நிப்றாஸ் கிணற்றடிக்குப் போய்விட்டான். மாமியிடம் கருவளம் என்ற சொல்லைச் சொல்வதைவிட மூன்றாவது தரமும் நாற்பது றோல்ஸைத் தின்பது அவனுக்குச் சுலபமாகப் பட்டது.

மூன்றாவது நோட்டீசை ஒட்டப் போன இடத்தில்தான் வினை வந்தது.

தேத்தண்ணிக் கடைச் சுவரில் பசை தடவிக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு கனத்த குரல். "இது என்ன சேர்? மெடிக்கலா?"

திரும்பினான். அச்சிமுகம்மது நின்றான். ஒலுவில் துறைமுகத்தில் ஆழ்கடல் படகொன்றில் எஞ்சின் பார்ப்பவன். கதவு நிலைக்குள் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. அவ்வளவு பெரிய உடம்பு.

"ஓம், மெடிக்கல் மாதிரித்தான்," என்றான் நிப்றாஸ்.

"வெளிநாட்டு வேலைக்குப் போற மெடிக்கலா?"

காலையிலிருந்து பதினேழு சுவர். வெயில். கையில் பசை. "ஓம், அப்பிடியும் வச்சிக்கங்களன்," என்று சொல்லிவிட்டான்.

"கட்டாருக்கா?"

கடைக்குள் இருந்த ஏழெட்டுப் பேரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். நிப்றாஸ் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று கிழமையாக எவனும் அவனுடைய நோட்டீசைப் பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. இப்போது எட்டுப் பேர் பார்க்கிறார்கள். அவன் ஒரு பிளேன்டீ கேட்டு, அதை வாயில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றான்.

"விளங்கிட்டு சேர்," என்றான் அச்சிமுகம்மது. "நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல."

அஸர் தொழுகைக்குள் செய்தி வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. 'கட்டார் மெடிக்கல் வகுப்பு. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வீட்டில் சொல்லிவிட்டு வரவும்.'

சனிக்கிழமை ஒன்பதுக்கு முதலே மண்டபம் நிறைந்துவிட்டது. தொண்ணூற்றாறு பேர். ஒவ்வொருவன் கக்கத்திலும் ஒரு பைல். சிலர் கழுத்தில் டைகூடக் கட்டியிருந்தார்கள். சீனிமுகம்மது காக்கா கல்யாண வீட்டுக் கதிரைகளை எடுத்துவர ஓட்டோ பிடித்து ஓடினார். நிப்றாஸுக்கு அந்தக் கூட்டமே கலக்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய கலக்கம் முன்வரிசையில் இருந்தது. புதுச் சேட்டும் நீலப் பைலுமாக, குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தவன் அவனுடைய சகலன் றிஸ்மி, றிபா ராத்தாவின் கணவன்.

"மச்சான், நீங்களுமா?" என்றான் நிப்றாஸ் பக்கத்தில் போய்.

"ஓம் மச்சான்," என்று றிஸ்மி நிலத்தைப் பார்த்துச் சொன்னான். "சும்மா ஒருக்கா வந்து பாப்பம் எண்டு."

"உங்களுக்குக் கட்டார் என்னத்துக்கு? பேக்கரி நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது," என்றான் றிஸ்மி. நீலப் பைலை மடியில் நேராக வைத்துக்கொண்டான்.

நிப்றாஸ் உண்மையைச் சொல்லிவிட ஓடினான். டொக்டர் கோகுலன் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கண்கலங்காத குறையாக நின்றார்.

"தம்பி, கொழும்பில கூட எனக்கு இப்பிடிச் சனம் வந்ததில்ல. எப்பிடிச் செய்தீங்க?"

"சேர், அது வந்து..."

"ஒண்டும் சொல்லாதீங்க. சுஜித்தாட்ட நானே சொல்றன்."

டொக்டர் பேசத் தொடங்கினார். நிப்றாஸ் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, எந்த நிமிடம் செருப்பு பறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சோடிக்குப் பிள்ள கிடைக்கிறது பிந்தினா நாம என்ன செய்யிறம்? பொம்புளையக் கூட்டிக்கொண்டு டொக்டர் டொக்டரா அலையிறம்," என்றார் அவர். "ஆனா அப்பிடிப்பட்ட சோடியளில பாதிக்குக் கிட்ட ஆம்புளைட பக்கமும் ஒரு காரணம் இருக்கு. அதுக்கும் ஆம்புளைத்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சின்ன வயசில கன்னம் வீங்கி வந்த கூகைக்கட்டா இருக்கலாம். சிகரெட்டா இருக்கலாம். சூடா இருக்கலாம். சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். சோதிக்கிறது சின்ன வேல."

ஒருவனும் எழும்பவில்லை. ஒருவனும் சிரிக்கவில்லை. தொண்ணூற்றாறு பேனை ஒரே நேரத்தில் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. கட்டாரில் பேக்கரிக்காரனிடம் இதையெல்லாம் கேட்பார்களா என்று ஒருவனாவது யோசிக்க வேண்டாமா? வேலை என்றால் இந்த ஊர் எதையும் மனப்பாடம் செய்யும் என்று நிப்றாஸ் நினைத்துக்கொண்டான்.

"கேள்வி இருந்தாக் கேளுங்க," என்றார் டொக்டர்.

கைகள் உயர்ந்தன. முதலில் எழுந்தவன் அச்சிமுகம்மது. "சேர், நாள் முழுக்கப் போட் எஞ்சினுக்குப் பக்கத்தில குந்தி இரிக்கிறவனுக்கு அந்தச் சூடு பாதிக்குமா?"

"நல்ல கேள்வி. தொடர்ந்து அப்பிடி இருந்தாப் பாதிக்கலாம்."

ஜிம்மில் உடம்பு வளர்க்கும் ஸாஜித் எழுந்தான். "தசை வாறதுக்குப் போடுற ஊசி சேர்?"

"உடன நிப்பாட்டுங்க. நிப்பாட்டிட்டு வந்து என்னச் சந்தியுங்க."

ஸாஜித் முகம் வெளிறி உட்கார்ந்தான். பிறகு றிஸ்மி மெதுவாகக் கையை உயர்த்தினான். "பாண் சுடுற போறணைக்கு முன்னால நிக்கிற வேலை சேர்? பதினொரு வருசமா நிக்கிறவனுக்கு?"

கட்டாரில் பேக்கரி வேலை கொடுப்பார்களா என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறான் என்று நிப்றாஸுக்குப் பட்டது. பாவம், மனிசன் எவ்வளவு ஆசையோடு வந்திருக்கிறான்!

"அதச் சோதிச்சுப் பாத்துத்தான் சொல்ல வேணும்," என்றார் டொக்டர் கோகுலன். "சோதனைக்குப் பேர் தர விருப்பமான ஆக்கள் தரலாம். மிச்சத்த அடுத்த சனிக்கிழம வகுப்பில கதைப்பம்."

எண்பத்திரண்டு பேர் பேர் கொடுத்தார்கள். றிப்போட் எத்தனை நாளில் வரும் என்று கேட்டார்கள், பேர் இரகசியமாக இருக்குமா என்று கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு, விசா எப்போது என்று ஒருவனும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பொய் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த நிப்றாஸுக்கு அது பெரிய குழப்பமாக இருந்தது. பைல்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் மரியாதையாக ஸலாம் சொல்லிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தால் படலையிலேயே மாமி சபூறா நின்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! கட்டாருக்கு ஆள் எடுக்கிறதே நீங்கதானாம். ஊட்டுக்குள்ள இரிந்துகொண்டு ஒரு சொல்லுச் சொல்லல்லயே மகன்!"

"மாமி, நான் ஆள் எடுக்கல்ல..."

"எனக்கு விளங்கும். உத்தியோகம், வெளிய சொல்ல ஏலாது. றிஸ்மிட பேர மட்டும் மேல போட்ருங்க."

"மாமி, இப்ப கட்டாருக்கு ஆள் எடுக்கிறது நல்லாக் கொறைஞ்சிட்டு," என்றான் நிப்றாஸ். மெல்ல மெல்ல உண்மைக்கு இறங்கி வரலாம் என்பது அவன் திட்டம்.

மாமியின் முகம் மாறிவிட்டது. உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் ஸப்னா வந்தாள்.

"ராத்தாட மாப்பிள நல்லா வாறது உங்களுக்கு ஏன் புடிக்கல்ல?"

"நான் எப்ப புடிக்கல்ல எண்டெ?"

"உம்மா அழுறா. ஒரு வளவுக்குள்ள இரிந்துகொண்டு சகலனுக்குக் குறுக்க காலப் போடுறாராம் எண்டு."

"ஸப்னா, அங்க கட்டாரே இல்ல!"

"கட்டார் இல்லாம எங்க போயிட்டு? நேத்தும் நியூஸில காட்டினாங்க," என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கிணற்றடியில் றிபா ராத்தா நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நிப்றாஸ், அவர்ட பேர வெட்டிருங்க."

"ராத்தா..."

"கல்யாணம் முடிச்சு அஞ்சு வருசம். மட்டக்களப்பு டொக்டருக்கிட்டப் போனதும் நான்தான், சவளக்கடைப் பரியாரிக்கிட்டப் போனதும் நான்தான். கசப்பெல்லாம் குடிச்சது நான். இப்ப அவர் பாட்டுக்குக் கட்டாருக்குப் போனா, நான் இந்த ஊட்டுக்குள்ள ஆருட மொகத்தப் பாத்துட்டு இரிக்கிறெ?"

நிப்றாஸுக்கு வாளியைத் தூக்கவும் தோன்றவில்லை, வைக்கவும் தோன்றவில்லை. நாற்பது பேரைச் சேர்க்க ஒரு கோப்பை பிளேன்டீக்குள் ஒளிந்துகொண்டவன் அவன். அதற்காக இங்கே ஒருத்தி அழுகிறாள். அவனுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. மாமி பேரை மேலே போடச் சொல்கிறாள், ராத்தா பேரை வெட்டச் சொல்கிறாள். போடவும் வெட்டவும் அவனிடம் ஒரு பட்டியலும் இல்லை. இருக்கிற ஒரே பட்டியல் வெளியே காட்ட முடியாத பட்டியல்.

நேரே பேக்கரிக்குப் போனான். றிஸ்மி போறணைக்கு முன்னால் நிற்கவில்லை. பத்தடி தள்ளி, வாசல் பக்கம் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, வேலையாளை ஏவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீங்க அடுத்த சனிக்கிழம வகுப்புக்கு வரத் தேவல்ல," என்றான் நிப்றாஸ்.

றிஸ்மியின் கையிலிருந்த பாண் தட்டு கீழே விழுந்தது. "ஏன் மச்சான்? பேர வெட்டிட்டாங்களா?"

"இல்ல, வெட்டல்ல."

"அப்ப என்னமோ தெரிஞ்சிட்டா? டொக்டர் என்னப் பாத்தவுடன என்னமும் சொன்னாரா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்டும் சொல்லல்ல. உங்கட பேர் இரிக்கி. நல்லா இரிக்கி."

"அல்லாஹ் காப்பாத்தினான்," என்று றிஸ்மி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு இது உசிர் மாதிரி மச்சான். ராத்தாக்கு மட்டும் ஒண்டும் சொல்லிராதீங்க."

ராத்தாவுக்கு எல்லாம் தெரியும், அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று நிப்றாஸ் சொல்ல வாயெடுத்தான். றிஸ்மியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை. ஆளுக்கு இவ்வளவு கட்டார்ப் பைத்தியமா?

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தான். வாயால் சொன்னால் எல்லாம் பிழையாகப் போகிறது; எழுத்தில் சொல்லிவிட வேண்டும். 'சனிக்கிழமை வகுப்பு வேலைவாய்ப்புக்கானது அல்ல. கட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை' என்று முப்பது நோட்டீஸ் அடித்து, ஊர் முழுவதும் ஒட்டினான். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மழை பெய்யவில்லை, ஆடு தின்னவும் இல்லை. நகத்தால் சுரண்டிச் சுத்தமாக எடுத்திருந்தார்கள். சுவரை ஈரத்துணியால் துடைத்தும் விட்டிருந்தார்கள்.

ஊர் இளைஞர்களின் வட்ஸ்அப் குழுவில் அதையே எழுதிப் போட்டான். ஒரு நிமிடத்தில் செய்தி அழிந்தது. இரண்டாவது நிமிடத்தில் அவனையே குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தேத்தண்ணிக் கடையில் அச்சிமுகம்மது அவனைக் கண்டு பக்கத்தில் வந்தான். "சேர், அந்த நோட்டீஸ் நீங்களா ஒட்டின?"

"ஓம்."

"இனி ஒட்டாதீங்க," என்றான் அச்சிமுகம்மது. குரலில் கோபம் இல்லை. அதுதான் நிப்றாஸைப் பயமுறுத்தியது. "நல்லதுக்குச் சொல்றன்."

ஆட்கள் கட்டார் கனவில் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இனிமேல் உண்மையைச் சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் வீட்டில் ஒருத்தியின் வாழ்க்கை குழம்பும். டொக்டர் சுஜித்தாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடலாம் என்று காரியாலயத்துக்குப் போனான்.

"வாங்க நிப்றாஸ்!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கிளினிக் நமக்குத்தான். மேலிடத்திலயிருந்து கதைச்சாங்க. மற்ற ஊராக்களும் உங்கட முறையப் படிக்க வரப்போறாங்களாம். அது என்ன முறை?"

"அது... சொல்ல ஏலாத முறை டொக்டர்."

"அடக்கத்தப் பாருங்களன்," என்று அவர் பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. நூற்று நாற்பது பேர். பொத்துவிலிலிருந்தும் ஒரு வான் வந்திருந்தது. மண்டபத்துக்குள் இடம் போதாமல் போகலாம் என்று சீனிமுகம்மது காக்கா வெளியே வாகை மரத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் கட்டியிருந்தார். அந்த மரத்துக்குக் கீழே இருபது முப்பது பெண்கள். மருமகன்மாரின் மாமிமாரும் அவர்களின் மகள்மாரும். நடுவில் மாமி சபூறா, ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு. டொக்டருக்கு நேரில் கொடுத்து, றிஸ்மியை முதல் விமானத்திலேயே ஏற்றிவிடச் சொல்லும் எண்ணம். அவளுக்குப் பின்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு றிபா ராத்தா.

ராத்தாவைப் பார்த்ததும் நிப்றாஸ் முடிவெடுத்துவிட்டான். அடி விழுந்தால் விழட்டும். டொக்டர் கோகுலன் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மேடையில் ஏறினான். மைக்கைக் கையில் எடுத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் உங்களுக்கு ஒரு உண்மையச் சொல்ல வேணும். கட்டார்..."

மைக் செத்துவிட்டது. தட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். வயர் எங்கேயோ கழன்றிருந்தது. இந்த நேரத்தில் இதுவுமா என்று மைக்கை வைத்துவிட்டு, வாயாலேயே கத்தினான்.

"கட்டார் எண்டு ஒண்டும் இல்ல! நான் சொன்னது பொய்! வெளிநாட்டு வேலையும் இல்ல, மெடிக்கலும் இல்ல! இது பிள்ள கிடைக்கிறது பத்தின வகுப்பு மட்டும்தான்! நாப்பது பேரச் சேக்கிறதுக்காக நான் வாயப் பொத்திக்கொண்டு இரிந்துட்டன். என்ன மன்னிச்சிருங்க!"

நூற்று நாற்பது முகமும் அவனையே பார்த்தன. பிறகு ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், மளமளவென்று ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள். இடதுபக்கம் ஆறு ஜன்னல், வலதுபக்கம் ஆறு ஜன்னல். முன்கதவை இழுத்துப் பூட்டித் தாழ்ப்பாள் போட்டவனை நிப்றாஸ் பார்த்தான். அது றிஸ்மி.

அடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத்தான் இது என்று நிப்றாஸுக்கு விளங்கிவிட்டது. சொந்தச் சகலனே தாழ்ப்பாள் போடுகிறான். கலிமாவை மனதுக்குள் சொன்னான்.

"இன்னொருக்காச் சொல்றன், மன்னிச்சிருங்க!" என்று இன்னும் சத்தமாகக் கத்தினான். "பேர் தந்த ஆக்கள் எல்லாரும் பேர எடுத்துக்கொள்ளலாம்! கட்டார் இல்ல!"

அச்சிமுகம்மது எழுந்தான். சாரத்தை மடித்துக் கட்டினான். மைக்கிலிருந்து பிடுங்கிய வயரின் நுனி அவன் கையில்தான் இருந்தது. படியில் கால் வைக்காமல் ஒரே எட்டில் மேடைக்கு ஏறினான். நிப்றாஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அடிபட்டாலும் கண்ணாடியாவது மிஞ்சட்டும். கண்ணை மூடிக்கொண்டான்.

பெரிய கையொன்று அவன் வாயை மெதுவாகப் பொத்தியது.

"சத்தம் போடாதீங்க சேர், வெளிய மாமிமார் நிக்காங்க," என்றான் அச்சிமுகம்மது காதோரமாக. "கட்டார் எண்டு சொல்லித்தானே நாங்க இத்தன பேரும் இந்த வகுப்புக்கு ஊட்டால வெளிக்கிட்டு வந்தெ!"